மழைக்கு முன்னாடி தோட்டத்தை சுத்தம் பண்றீங்களா? கரண்ட் கம்பி முதல் இடுப்புப் பிடிப்பு வரை... எதுல ஆபத்து, அடிபட்டா என்ன முதலுதவி?

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் கிட்டத்தட்ட பாதி இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது. அதனால் மழைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் பல வீடுகளில் ஒரே காட்சிதான். ஒருவர் மொட்டை மாடியில் சருகு அள்ளிக்கொண்டிருப்பார். இன்னொருவர் கொல்லையில் மண்டிக்கிடக்கும் புல்லை வெட்டுவார். காய்ந்த தென்னை மட்டையைத் தொரட்டி போட்டு இழுக்க ஒரு ஆள், ரோட்டுப் பக்கம் சாய்ந்த முருங்கைக் கிளையைக் கழிக்க ஒரு ஆள்.

வேலை என்னவோ நல்ல வேலைதான். தண்ணீர் தேங்காது, கொசு வராது, காற்றில் கிளை முறிந்து விழாது. ஆனால் எலும்பு முறிவு, பாம்புக்கடி, வெட்டுக்காயம், கண்ணில் தூசி என்று மருத்துவமனைக்குப் போக வைப்பதும் இதே வேலைதான். ஆறேழு மாதமாக யாரும் தொடாத குவியல், ஆறேழு மாதமாக மண்வெட்டி பிடிக்காத கை. இந்த இரண்டும் ஒரே நாளில் சந்தித்தால் என்ன ஆகும்? அதைத் தவிர்ப்பது எப்படி, மீறி நடந்துவிட்டால் முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

தொரட்டியும் கரண்ட் கம்பியும்

உயிரை உடனே எடுக்கக்கூடியது இதுதான், அதனால் இதிலிருந்தே தொடங்கலாம். முன்பெல்லாம் தொரட்டிக்கு மூங்கில் கழிதான். இப்போது பல வீடுகளில் அலுமினியக் குழாய் அல்லது இரும்பு பைப். எடை குறைவு, நீளமாக இழுத்துக்கொள்ளலாம், வசதிதான். ஆனால் மட்டையைப் பார்த்துக்கொண்டே மேலே தூக்கும்போது பின்னால் போகும் மின்கம்பி கண்ணுக்குத் தெரியாது. மட்டை அறுந்து விழும்போது பைப் ஒரு பக்கமாகச் சாயும். அந்த ஒரு நொடி போதும்.

'எங்க வீட்ல மூங்கில்தான், பயமில்ல' என்று நினைக்க வேண்டாம். காய்ந்த மூங்கிலில் மின்சாரம் எளிதாகப் பாயாது என்பது உண்மை. ஆனால் மழையிலோ பனியிலோ நனைந்த மூங்கிலிலும் பச்சைக் கிளையிலும் பாயும். தெருவில் போகும் சாதாரண லைன் 230 முதல் 400 வோல்ட். அதற்கும் மேலே, உயரமான கம்பத்தில் போவது 11,000 வோல்ட் உயர் அழுத்த லைனாக இருக்கலாம். அதைத் தொடவே வேண்டியதில்லை. மிக அருகில் போனாலே காற்று வழியாக மின்சாரம் தாவும்.

அப்போ கம்பியை உரசும் கிளையை என்னதான் பண்றது? நீங்கள் வெட்டக் கூடாது, அவ்வளவுதான். மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். அவர்கள் லைனை நிறுத்திவிட்டு வந்து வெட்டுவார்கள். இரண்டு நாள் தாமதமாகலாம், கோபம் வரலாம். அந்தக் கோபத்தில் தொரட்டியைக் கையில் எடுக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொட வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறந்த செய்திகளை அடிக்கடி படிக்கிறோம். வீட்டு வயரிங்கில் நடந்த விபத்து என்றால் முதலில் மெயின் ஸ்விட்ச்சை ஆஃப் செய்யுங்கள். தெருக் கம்பியில் நடந்தது என்றால் வீட்டு மெயினை நிறுத்திப் பயனில்லை. விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கிவிட்டு, மின்வாரியத்துக்கும் 108-க்கும் பேசுங்கள். லைன் நின்றது உறுதியான பிறகு, மயங்கிக் கிடப்பவருக்கு மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்க வேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, சுமார் 5 செ.மீ. ஆழத்துக்கு. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. 'எழுந்து உட்கார்ந்துட்டார், நல்லாத்தான் இருக்கார்' என்றாலும் மருத்துவமனைக்குப் போய் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் வரலாம்.

ஏணியில் ஏறும்போது...

மழைநீர்க் குழாயில் அடைத்திருக்கும் சருகை எடுக்க ஏணி போடுவது வழக்கம். ஏணி சறுக்குவதற்கு முக்கியக் காரணம் அதைச் சாய்க்கும் கோணம். எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏணி சுவரில் சாயும் இடம் 4 அடி உயரம் என்றால், அடிப்பாகம் சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்க வேண்டும். 12 அடி உயரம் என்றால் 3 அடி. கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும், செல்போன் பார்த்துக்கொண்டு அல்ல. எட்டாத இடத்துக்குச் சாய்ந்து கையை நீட்டுவதைவிட, இறங்கி ஏணியை நகர்த்தி மறுபடி ஏறுவது ஒரு நிமிட வேலை. கைலியோடு ஏணி ஏறுவது நம்மூரில் சகஜம் என்றாலும், கால் சிக்குவதற்கு அதைவிடச் சிறந்த உடை கிடையாது.

உயரத்திலிருந்து ஒருவர் விழுந்துவிட்டால் நாம் செய்யும் முதல் தவறு, நான்கு பேர் சேர்ந்து கை ஒன்று கால் ஒன்றாகப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைப்பது. முதுகெலும்பிலோ கழுத்திலோ முறிவு இருந்தால், விழுந்ததில் தப்பிய தண்டுவடம் இந்தத் தூக்கலில் அறுந்துபோகலாம். வாழ்நாள் முழுக்க கால் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். அவர் அசையாமல் அப்படியே கிடக்கட்டும். தலையை இரண்டு பக்கமும் கையால் பிடித்து நேராக வைத்துக்கொண்டு 108-க்கு அழையுங்கள். வேறு வழியே இல்லாமல் நகர்த்த வேண்டி வந்தால், தலை, முதுகு, இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்கும்படி எல்லோரும் ஒன்றாக உருட்டி, கதவுப் பலகை மாதிரி உறுதியான ஒன்றின் மேல் படுக்க வைத்துத் தூக்க வேண்டும்.

சருகுக்குள் கை விடாதீங்க: பாம்பு விஷயம்

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். தமிழ்நாடு அரசு 2024-ல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எங்கே எத்தனை பேருக்குக் கடி, எந்த ஊருக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று தெரிந்தால்தான் அனுப்ப முடியும்.

நம்மூரில் உயிரிழப்பை அதிகம் உண்டாக்குபவை நான்கு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கண்ணாடி விரியனின் நிறமும் காய்ந்த சருகின் நிறமும் ஒன்றுதான், பக்கத்தில் போனாலும் நகராமல் கிடக்கும். சுருட்டை சின்னது, செங்கல் குவியலுக்கு அடியில் சுருண்டு கிடந்தால் கயிறு என்றே தோன்றும். அதனால்தான் சருகு, விறகு, ஓடு, தேங்காய் மட்டைக் குவியல் எதுவாக இருந்தாலும் முதலில் நீளமான குச்சியால் கிளறிச் சத்தம் கொடுத்து, ஐந்து நிமிடம் விட்டு, பிறகு மண்வெட்டியாலோ வாரியாலோ இழுக்க வேண்டும். கை கடைசியில்தான். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் போட்டால் காலில் படும் கடிகளில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

கடித்துவிட்டால் என்ன செய்வது? அதைவிட, என்ன செய்யக் கூடாது என்பதுதான் இங்கே பெரிய பட்டியல். கடிவாய்க்கு மேலே கயிறு இறுக்கிக் கட்டக் கூடாது. ரத்த ஓட்டம் நின்று காலே அழுகிப்போகலாம். கட்டை அவிழ்க்கும் நொடியில் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறி நிலைமை மோசமாவதும் உண்டு. பிளேடால் கீறக் கூடாது. கண்ணாடி விரியனும் சுருட்டையும் கடித்தால் ரத்தம் உறையும் தன்மையே போய்விடும், கீறிய இடத்தில் ரத்தம் நிற்காது. வாயால் உறிஞ்சுவது சினிமாவில் மட்டும் வேலை செய்யும். ஐஸ் வேண்டாம், மிளகு தின்னக் கொடுத்துக் காரம் தெரிகிறதா என்று சோதிப்பதும் வேண்டாம், மந்திரிக்கப் போய் ஒரு மணி நேரத்தை இழப்பது வேண்டவே வேண்டாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடிபட்டவரை உட்கார அல்லது படுக்க வையுங்கள், நடக்க விடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்ச் எல்லாவற்றையும் கழற்றுங்கள், வீங்கினால் பிறகு வராது. எலும்பு முறிந்தவருக்கு வைப்பதுபோல ஒரு கட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றி, கையையோ காலையோ அசையாமல் வையுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் கிராமம் என்றால் பைக்கே போதும். ஓட்டுபவர் முன்னால், கடிபட்டவர் நடுவில், பிடித்துக்கொள்ள ஒருவர் பின்னால்.

பாம்பைத் தேடி அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டியதில்லை. இங்கே கொடுக்கப்படும் விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. தேடப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவதுதான் நடக்கும். தூரத்திலிருந்து செல்போனில் ஒரு படம் எடுக்க முடிந்தால் சரி, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அரசு மருத்துவமனையில் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். அந்த எளிய சோதனையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தைத் தருவதில் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1978-ல் தொடங்கிய சங்கம் அது.

கட்டுவிரியனைப் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. அது இரவில் நடமாடும் பாம்பு. பெரும்பாலும் கடித்தது வலிக்காது, வீங்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். கொல்லையில் குவியலைக் கலைத்த அன்றிரவு தரையில் படுத்தவருக்கு விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தூக்க முடியாமல் கண் செருகுவது, பேச்சுக் குழறுவது என்று வந்தால் 'கேஸ் பிராப்ளம்' என்று சோடா கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். மூச்சுத் தசைகள் செயலிழப்பதற்குள் மருத்துவமனை போக வேண்டும். குவியலைக் கலைத்த சில நாட்களுக்காவது கட்டிலில் படுப்பதும் கொசுவலை கட்டுவதும் நல்ல காவல்.

தேள், பூரான், கதண்டு

கருந்தேள் பார்க்கத்தான் பயங்கரம். உண்மையில் ஆபத்து அதிகம் சின்னதாக இருக்கும் செந்தேளில்தான். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கடும் வலியோடு போய்விடும். குழந்தைகளுக்கு அப்படியில்லை. கொட்டிய பிறகு வாந்தி, உடம்பெல்லாம் வியர்வை, கை கால் சில்லிடுவது, நெஞ்சு படபடப்பு, மூச்சுத் திணறல் வந்தால் இதயம் பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். இதற்கு ரத்த அழுத்தத்துக்கான பிரசோசின் மாத்திரை பலன் தரும் என்று காட்டியவர் மகாராஷ்டிராவின் மகாட் ஊரில் பணியாற்றும் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர். சிறிய ஊரில் இருந்துகொண்டே பல உயிர்களைக் காக்க வழி காட்டியவருக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எனவே குழந்தையைத் தேள் கொட்டினால் வெங்காயம் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் நேராக மருத்துவமனை. பூரான் கடி பெரும்பாலும் வலியும் வீக்கமும்தான், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கதண்டு விஷயத்தில் ஒரு வரிதான்: கூட்டைக் கலைக்காதீர்கள், புகை போடாதீர்கள், தீயணைப்புத் துறையை 101 அல்லது 112-ல் கூப்பிடுங்கள். துரத்தினால் கையை வீசாமல் முகத்தை மூடிக்கொண்டு கதவுள்ள அறைக்குள் ஓடுங்கள். தேனீ கொட்டினால் கொடுக்கு தோலில் நிற்கும், நகத்தால் சுரண்டி உடனே எடுத்துவிட வேண்டும். கதண்டு கொடுக்கை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். உதடு வீங்குவது, குரல் மாறுவது, மூச்சு இரைப்பது, தலைசுற்றல் இவற்றில் ஒன்று வந்தாலும் நிமிடக் கணக்கில் ஆபத்து, அட்ரினலின் ஊசி தேவை. நிறையக் கொட்டு வாங்கியவர் தெம்பாக இருந்தாலும் மருத்துவமனையில் இருக்க வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு பின்னால்தான் தெரியும்.

அரிவாள் வெட்டு, ஆணி குத்து, டி.டி. ஊசி

வெட்டுக்காயத்துக்கு முதல் மருந்து ஓடும் தண்ணீரும் சோப்பும். மண் போகும் வரை நன்றாகக் கழுவிவிட்டு, சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் 'நின்னுடுச்சா' என்று எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தமும் பிய்ந்து மறுபடி கொட்டும். ரத்தம் பீய்ச்சி அடித்தால் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், அழுத்திக்கொண்டே கிளம்புங்கள்.

காபித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். தையல் போடும் நர்ஸ் அதையெல்லாம் தோண்டி எடுத்த பிறகுதான் வேலையைத் தொடங்க முடியும், வலி உங்களுக்குத்தான். கிணற்றடிப் பூண்டு இலையைக் கசக்கி விடும் பழக்கம் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. தோலில் லேசான சிராய்ப்பு என்றால் பெரிய பிரச்சினை இல்லை. ஆழமான வெட்டுக்குள் மண்ணில் கிடந்த இலையைத் திணிப்பது வேறு கதை.

விரல் துண்டாகிவிட்டால் பதற்றத்தில் துண்டை நேராக ஐஸில் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் திசு உறைந்து செத்துவிடும், ஒட்ட வைக்க முடியாது. சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். நேராகக் கை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

'துருப்பிடிச்ச ஆணி குத்துச்சு, டி.டி. போடணும்' என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் டெட்டனஸ் வருவது துருவால் அல்ல. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வித்து வடிவில் கிடக்கிறது. பளபளக்கும் புது ஆணியோ கருவேல முள்ளோ மண்ணோடு ஆழமாக ஏறினாலும் அதே ஆபத்துதான். காற்றுப் படாத ஆழமான காயம் அதற்கு வசதி. தாடை இறுகி வாய் திறக்க முடியாமல் போவதுதான் முதல் அறிகுறி, பொதுவாக 3 முதல் 21 நாட்களுக்குள் வரும். வந்த பிறகு காப்பாற்றுவது கடினம். வராமல் தடுப்பது ஒரு ஊசி.

அந்த ஊசி ஒவ்வொரு கீறலுக்கும் வேண்டியதில்லை. முழு கோர்ஸ் போட்டவர்களுக்கு, சுத்தமான சின்னக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டு தாண்டியிருந்தால் போதும், மண் பட்ட அழுக்குக் காயம் என்றால் 5 ஆண்டு தாண்டியிருந்தால் போட வேண்டும். இதில் ஒரு சின்ன விஷயம் கவனிக்க வேண்டும். பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் இந்த ஊசி போடப்படுகிறது. ஆண்களுக்குப் பள்ளிக்கூட வயதில் 10, 16 வயதில் போட்டதோடு சரி, அதுவும் போட்டோமா இல்லையா என்று நினைவிருக்காது. எனவே வீட்டில் மண்வெட்டி எடுக்கும் 50 வயது அப்பாவுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் போக வேண்டும். 2019 முதல் அரசுத் திட்டத்தில் டி.டி.க்குப் பதிலாகத் தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் டி.டி. என்றே ஒலிக்கும் வேறு ஊசி போடப்படுகிறது. பெயர்க் குழப்பம் வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போடுவார்கள்.

கண்ணில் பட்டால் கடையில் சொட்டு மருந்து வாங்கலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இலை நுனி, நெல் தாள், புல், குச்சி என்று செடி சம்பந்தப்பட்ட எதுவும் கருவிழியில் கீறினால், அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை நுழையும். தென்னிந்தியாவில் கருவிழிப் புண்ணுக்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. முதல் நாள் லேசான உறுத்தல், இரண்டு மூன்று நாளில் சிவப்பு, பிறகு கருவிழியில் வெள்ளைப் புள்ளி. 'கண்ணு சிவந்திருக்கு' என்று மருந்துக் கடையில் கேட்டால், சிவப்பு உடனே குறையும் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கைக்கு வரலாம். சிவப்பு குறையும், உள்ளே பூஞ்சை கொழுத்து வளரும். பார்வை போவது இப்படித்தான்.

இந்தப் பூஞ்சைப் புண்ணுக்கு எந்த மருந்து நல்லது என்று கண்டுபிடித்த பெரிய ஆய்வே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்று நடந்ததுதான். விலை அதிகமான புதிய மருந்தைவிடப் பழைய நேட்டமைசின் சொட்டு மருந்தே சிறந்தது என்று 2013-ல் முடிவு வெளியானது. ஆனால் அதை டாக்டர் புண்ணைப் பார்த்து உறுதி செய்த பிறகே போட வேண்டும்.

கண்ணில் தூசி விழுந்தால் தேய்க்காமல் சுத்தமான தண்ணீரை நிறைய ஊற்றிக் கழுவுங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால், நாக்கால் எடுப்பது எதுவும் வேண்டாம். மறுநாளும் உறுத்தல், கூச்சம், மங்கல் இருந்தால் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எருக்கஞ்செடியை வெட்டும்போது இன்னும் கவனம் தேவை. அதன் பால் கண்ணில் பட்டால் பெரிதாக வலிக்காது, அதுதான் பிரச்சினையே. வலியில்லையே என்று விட்டால் சில மணி நேரத்தில் பார்வை மங்கும். பட்ட உடனே குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இப்போது வாடகைக்குக் கிடைக்கும் புல் வெட்டும் மெஷின் கல்லையும் கம்பித் துண்டையும் துப்பாக்கி மாதிரி வீசும். வேலை செய்பவர் கண்ணாடி போட வேண்டும், மற்றவர்கள் 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு ஆரம்பிப்பது நல்லது. துண்டு ஏதாவது கண்ணுக்குள் துளைத்துவிட்டால் கழுவக் கூடாது, பிடுங்கக் கூடாது, அழுத்தவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டி மூடிக்கொண்டு போய்ச் சேருங்கள்.

இடுப்பு பிடிச்சுக்கிச்சா?

ஐ.டி. வேலை பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் மண் வெட்டினால் திங்கட்கிழமை எழுந்திருக்க முடியாது என்பதற்கு மருத்துவ அறிவு தேவையில்லை. ஆனால் இடுப்பைப் பதம் பார்ப்பது வெறும் கனம் மட்டுமல்ல. குனிந்த நிலையிலேயே உடம்பைத் திருப்பி மண்ணைப் பக்கத்தில் வீசுவது மிக மோசமானது. காலை நகர்த்தித் திரும்புங்கள், இடுப்பைத் திருகாதீர்கள். பாண்டு நிறைய ஒரு தடவை தூக்குவதைவிடப் பாதி பாதியாக இரண்டு தடவை போகலாம். முழங்காலை மடக்கி, சுமையை வயிற்றோடு ஒட்டித் தூக்குங்கள். 20 நிமிடத்துக்கு ஒரு முறை வேலையை மாற்றுங்கள்.

பிடித்துக்கொண்டால் மூன்று நாள் படுத்தே கிடக்க வேண்டும் என்பது பழைய யோசனை. முடிந்த அளவு நடமாடினால்தான் சீக்கிரம் சரியாகும். வெந்நீர் ஒத்தடம் இடுப்புக்கு இதம் தரும். கணுக்கால் பிசகினால் மட்டும் முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், 15 நிமிடம் வீதம். வீங்கிய இடத்தில் எண்ணெய் போட்டு உருவிவிடுவதும் எக்ஸ்ரே எடுக்காமல் கட்டுப் போடுவதும் முறிவு இருந்தால் நிலைமையைக் கெடுக்கும். இடுப்பு வலியோடு கால் மரத்துப்போவது, சிறுநீர் போவதில் சிரமம், உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாமை என்று வந்தால் அன்றே மருத்துவமனை போக வேண்டும், நாளைக்குத் தள்ளக் கூடாது.

அரிப்பு, சர்க்கரை, எலிக் காய்ச்சல்

வெள்ளைப் பூ பூக்கும் பார்த்தீனியத்தை வெறும் கையால் பிடுங்கினால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சு இரைக்கும். பூப்பதற்கு முன், கையுறை போட்டு, மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு எடுக்கலாம்.

சர்க்கரை நோயாளிகளுக்குக் காலில் முள் குத்தியதே தெரியாமல் போகலாம். செருப்புகூட இல்லாமல் தோட்டத்தில் நடப்பதை விட்டுவிட்டு, வேலை முடிந்ததும் பாதத்தையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

மழை தொடங்கிய பிறகு தேங்கிய தண்ணீரில் இறங்கி வாய்க்கால் வெட்டும்போது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர், காலில் உள்ள சிராய்ப்பு வழியாக எலிக் காய்ச்சலைக் கொண்டுவரும். ஓரிரு வாரத்தில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் 'தண்ணீரில் இறங்கி வேலை செய்தேன்' என்ற ஒரு வரியைச் சொல்ல மறக்காதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே குணமாகும்.

பாழுங்கிணறும் சம்ப்பும்

பல மாதம் மூடிக் கிடந்த சம்ப், கிணறு, கழிவுநீர்த் தொட்டி எதற்குள்ளும் நீங்களும் இறங்கக் கூடாது, ஆளையும் இறக்கக் கூடாது. விஷவாயுவுக்கு எப்போதும் வாசனை இருக்காது. தீபம் அணையவில்லையே என்று நம்பி இறங்குவதும் பாதுகாப்பில்லை. உள்ளே ஒருவர் மயங்கினால் பின்னாலேயே குதிக்காமல் தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அள்ளிய சருகைக் கொளுத்துவதைத் தவிர்த்து மக்க விடலாம். கொளுத்தியே தீருவேன் என்றால் பெட்ரோல் ஊற்றாதீர்கள், அரளிக் கிளையைச் சேர்க்காதீர்கள், அதன் புகையும் விஷம். தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர். பேஸ்ட்டும் இங்க்கும் மாவும் வேண்டாம்.

வேலைக்கு ஆள் வைத்தால் பொறுப்பு யாருக்கு?

மேலே சொன்ன எல்லா வேலையையும் பல வீடுகளில் செய்வது வீட்டுக்காரர் இல்லை. காலையில் வந்து சாயங்காலம் கூலி வாங்கிப் போகும் ஒரு அண்ணனோ அக்காவோதான். அவர்கள் வெறுங்காலோடு வருவார்கள், கையுறை இருக்காது. 'அவங்களுக்குப் பழக்கம்தான்' என்ற சமாதானம் பாம்புக்கோ கரண்ட்டுக்கோ தெரியாது. ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், கையுறை, கண்ணாடி மூன்றையும் ஒருமுறை வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் யார் வந்தாலும் கொடுக்கலாம், பல வருடம் வரும். வேலையைத் தொடங்கும் முன் கரண்ட் கம்பி எங்கே போகிறது, எந்தப் பக்கம் குவியல் பழசு, எங்கே கதண்டுக் கூடு இருக்கிறது என்று சொல்லிவிடுவது வீட்டுக்காரரின் வேலை. மதியம் வெயிலில் தொடர்ந்து வேலை வாங்காமல் தண்ணீரும் மோரும் கொடுத்து நிழலில் உட்கார வைக்க வேண்டும்.

தென்னை ஏறுபவர்களுக்கு தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேரா சுரக்ஷா' விபத்துக் காப்பீடு இருக்கிறது. கூலி வேலை செய்பவர்கள் தமிழ்நாடு அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் விபத்து உதவி கேட்க முடியும். உங்கள் வீட்டுக்கு வழக்கமாக வருபவர் பதிவு செய்திருக்கிறாரா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகத்தோடு இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போய் விசாரிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கும் கூலி கொடுத்துவிடுங்கள்.